மாத்தளைக் கோபுரமும் மன்னார்ப் பாதையும்



அட்டனில் நான் கற்பிக்கும் பாடசாலையிலே உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி அண்மையில் ஒரு வினாத் தொடுத்தாள். “தேயிலையும் இங்கே, சனமும் இங்கே. அவ்வளவு பெரிய கோபுரம் மட்டும் ஏன் சேர் மாத்தளையிலே?”

விடை தேயிலையில் இல்லை. அதற்கு முந்திய கோப்பியில் இருக்கிறது. 1820களில் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து தோணியேறியோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடும் வரண்ட வெளியும் கடந்து, தம்புள்ளை வழியே கால்நடையாக வந்தனர். கொலராவும் அம்மையும் பசியும் எத்தனையோ பேரைப் பாதையோரத்திலேயே சாய்த்துவிட்டன. அவர்களுக்குக் கல்லறையுமில்லை, பெயர்ப்பட்டியலுமில்லை. எஞ்சியோர் கண்ட முதல் மலைப்பட்டினம் மாத்தளை. அங்கிருந்துதான் கங்காணிமார் பின்னே திக்குத்திக்காகப் பிரிந்து சென்றனர்.

மாரியம்மன் மழைக்குத் தெய்வம். அம்மை நோய்க்கும் அவளே காவல். நோய்க்குத் தப்பி வந்தவர்கள் அவ்விடத்தில் அவளைக் கும்பிட்டதில் வியப்பென்ன? 1874இல் அமைந்த ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயில் இன்று 108 அடி இராஜகோபுரத்தோடும் அதில் 1008 சிற்பங்களோடும் நகரின் நடுவே நிமிர்ந்து நிற்கிறது. மாசிமகத்திலே ஐந்து தேர்கள் வீதியுலா வருகின்றன.

ஆயினும் அந்நிமிர்வு எளிதில் வந்ததன்று. கோயிலுக்கு எழுபது வயது கடந்திருந்த 1948இல், அதைக் கும்பிட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரின் பிரசாவுரிமை சட்டத்தால் பறிபோயிற்று. 1983 ஆடிக் கலவரத்தில் கோயிலும் தாக்கப்பட்டது. பின்னர் அது மீண்டும் எழுந்தது.

மலையக மக்களின் இருநூறாண்டை நினைந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. இறுதி நாளில் நானும் சில மைல் நடந்தேன். தார் வீதியிலே சப்பாத்தோடு நடந்த எனக்கே பாதம் கொப்பளித்தது. வெறுங்காலோடு, இடுப்பில் பிள்ளையோடு நடந்தவளை எண்ணிப் பார்த்தேன்.

“பாதை முடிந்த இடத்திலே கோபுரம் நிற்கிறது, பிள்ளை” என்றேன் மாணவியிடம். அவள் சற்று யோசித்துவிட்டு, “பாதையிலேயே விழுந்தவர்களின் பெயர் எங்கே இருக்கு சேர்?” என்றாள்.

என்னிடம் விடையில்லை. என் முப்பாட்டனுக்கு முந்தியவர் பெயர் எனக்கே தெரியாது. எனவே, அன்று வகுப்புக்குக் கொடுத்த வீட்டுவேலையை உங்களுக்கும் தருகிறேன். இன்றிரவு உங்கள் வீட்டு முதியவரிடம் அவருடைய பாட்டன், பாட்டி பெயரைக் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கோபுரத்தின் 1008 உருவங்களுக்கும் பெயருண்டு. நடந்து வந்தவர்களுக்கும் இருக்கட்டும்.