தீக்காயத்திற்குப் பின் குடல் நலம்: நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளும் புரோபயாடிக்குகளும்

தீக்காயம் தோலில் ஏற்பட்டாலும் அதன் பாதிப்பு தோலோடு நின்றுவிடுவதில்லை. நோயாளியின் உள்ளங்கை, விரல்கள் உட்பட, அவரது உடற்பரப்பில் ஏறத்தாழ 1 விழுக்காடு ஆகும். இவ்வளவையின்படி 20 விழுக்காட்டிற்கு மேல் காயம் ஏற்படும்போது உடல் முழுவதும் அதற்கு எதிர்வினை புரிகிறது. அப்போது பாதிக்கப்படும் உறுப்புகளுள் குடலும் ஒன்று.

குடலில் நிகழும் மாற்றங்கள் யாவை?

நமது பெருங்குடலில் வாழும் எண்ணற்ற பாக்டீரியாக்கள் நார்ச்சத்தை நொதிக்கச் செய்து, குடலின் உட்சுவருக்கு ஆற்றல் தரும் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. நோய்க்கிருமிகள் பெருகாமலும் தடுக்கின்றன.

பெரிய தீக்காயத்தின்போது இதயம், மூளை ஆகியவற்றைக் காக்கும் பொருட்டு, குடலுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தை உடல் குறைத்துக்கொள்கிறது. இதனால் குடற்சுவர் வலுவிழக்கிறது. கிருமிகளும் அவற்றின் நச்சுப்பொருள்களும் இரத்தத்தில் கலக்கும் வாய்ப்பு ஏற்படுகிறது. நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் குறைந்து, ஈ.கோலை வகையைச் சேர்ந்தவை பெருகுவதையும் ஆய்வுகள் காட்டுகின்றன.

நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து எப்போது தேவை?

ஆன்டிபயாடிக் எனப்படும் இம்மருந்துகள், நோய்த்தொற்று உறுதியானால் அல்லது வலுவாக ஐயுறப்பட்டால் உயிர்காக்கும் மருந்துகளாகும். ஆனால், தொற்று வராமல் தடுப்பதற்கென ஊசியாகவோ மாத்திரையாகவோ இவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் எனப் பன்னாட்டுத் தீக்காயச் சங்கத்தின் 2016 வழிகாட்டுதல் கூறுகிறது. கருகிய தோலில் இரத்த ஓட்டம் இல்லாததால் மருந்து அங்குப் போதிய அளவு சென்றடைவதில்லை. மாறாக, குடலின் நல்ல பாக்டீரியாக்களை அழித்து, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருக அது வழிசெய்கிறது. எனவே, காயத்தைத் தூய்மை செய்தல், மேற்பூச்சு மருந்திட்டுக் கட்டுதல், இறந்த திசுவை அகற்றித் தோல் ஒட்டுதல் ஆகியவையே முதன்மையான தடுப்பு முறைகள்.

பெரிய தீக்காயம் அடைந்தவருக்குத் தொற்று இல்லாமலேயே உடல் வெப்பம் உயர்ந்திருக்கலாம். காய்ச்சலைக் கண்டு மருந்துக் கடையில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள், மருத்துவரிடம் தெரிவியுங்கள். மருந்து அட்டையில் உள்ள சிவப்புக் கோடு, அதனை மருத்துவரின் சீட்டின்றி வாங்கக் கூடாது என்பதற்கான அடையாளம். மருத்துவர் பரிந்துரைத்த மருந்தை அவர் கூறிய அளவில், கூறிய நாள்வரை கொடுங்கள். இடையில் நிறுத்தவும் வேண்டாம். மீதமுள்ளதைப் பின்னொரு நாளுக்கென வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் என்ன செய்வது?

குழாய்வழி உணவு, வேறு மருந்துகள் ஆகியவற்றாலும் வயிற்றுப்போக்கு வரலாம். எனினும், ஆன்டிபயாடிக் எடுத்துக்கொள்ளும் காலத்திலோ, நிறுத்திய சில வாரங்களுக்குள்ளோ நாளொன்றுக்கு மூன்று முறைக்கு மேல் நீராக மலம் கழிந்தால் மருத்துவரிடம் கூறுங்கள். கிளாஸ்ட்ரிடியாய்டஸ் டிபிசில் என்னும் பாக்டீரியா காரணமாக இருக்கலாம். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரைகளை அவரது ஆலோசனையின்றிக் கொடுக்காதீர்கள். இப்பாக்டீரியாவின் வித்துகளை ஆல்கஹால் கலந்த கைத்தூய்மி அழிப்பதில்லை. ஆகவே, நோயாளியைத் தொட்ட பின்பும் கழிப்பறையைப் பயன்படுத்திய பின்பும் சோப்பும் நீரும் கொண்டு கைகளைக் கழுவுங்கள்.

புரோபயாடிக் கொடுக்கலாமா?

புரோபயாடிக் என்பது உடலுக்கு நன்மை தரும் நோக்கில் கொடுக்கப்படும் உயிருள்ள நுண்ணுயிரிகள். தீக்காய நோயாளிகள் அனைவருக்கும் இவற்றைப் பரிந்துரைக்கும் அளவிற்குச் சான்றுகள் இதுவரை திரளவில்லை. ஒரு வகை தரும் பயனை மற்றொரு வகையும் தரும் எனக் கொள்ளவும் இயலாது.

இவை உயிருள்ளவை என்பதால், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கு அரிதாக இரத்தத்தொற்றை உண்டாக்கக்கூடும். கழுத்திலோ மார்பிலோ மையச் சிரைக்குழாய் பொருத்தப்பட்டவருக்கு, சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்னும் ஈஸ்ட் வகை புரோபயாடிக்கைத் தரக் கூடாது. அதன் பொட்டலத்தை அவரது படுக்கையருகே பிரிப்பதையும் தவிர்க்க வேண்டும். கைகளில் ஒட்டும் துகள்கள் குழாய்வழியே இரத்தத்தை அடையலாம். ஆகவே, கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காகப் புரோபயாடிக் பொட்டலம் எதனையும் மருத்துவக் குழுவிற்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள்.

குடலைக் காக்க நீங்கள் செய்யக்கூடியவை

• உணவே குடலுக்கு முதல் துணை. பெரிய தீக்காயங்களில் முதல் 12 மணி நேரத்திற்குள் வாய்வழியாகவோ குழாய்வழியாகவோ உணவு தொடங்குவதே நோக்கம். குடலுக்குள் உணவு செல்வது அதன் சுவரைப் பேண உதவுகிறது.
• உணவுக்குழாயில் வீட்டுக் கஞ்சி, மோர் முதலியவற்றை நீங்களாக ஊற்றாதீர்கள்.
• வாயால் உண்ணத் தொடங்கியதும் முட்டை, மீன், பருப்பு போன்ற புரத உணவுகளையும், மருத்துவர் அனுமதித்த பின் கீரை, பழம், பயறு போன்ற நார்ச்சத்து உணவுகளையும் கொடுங்கள்.
• காய்ச்சிய பாலில் உறை ஊற்றிய புதிய தயிரை, மருத்துவர் அனுமதித்தால், உணவாகக் கொடுக்கலாம். அது மருந்துக்கு மாற்றாகாது.

உடனடியாகத் தெரிவிக்க வேண்டிய அறிகுறிகள்

• காயத்தில் துர்நாற்றம், சீழ், நிறமாற்றம், காயத்தைச் சுற்றிப் பரவும் சிவப்பு
• குளிர் நடுக்கம், குழப்பம், மூச்சுத்திணறல், சிறுநீர் குறைதல்
• வயிறு உப்புதல், கடும் வயிற்றுவலி, மலத்தில் இரத்தம், தொடர் வாந்தி

வீட்டிலிருக்கும்போது குழப்பமோ மூச்சுத்திணறலோ தோன்றினால், காலந்தாழ்த்தாமல் 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்களே. இவை மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றாகா. கொடுக்கப்படும் ஒவ்வொரு மருந்தும் எதற்காக, எத்தனை நாள்களுக்கு என்பதைத் தயங்காமல் கேட்டறியுங்கள்; அது உங்கள் உரிமை.