பாறை என்றொரு கணனி

அரபு நாடுகளை எமது மக்கள் முதலில் அறிந்தது பெட்டிகளின் வாயிலாகவே. 1970களின் பிற்பகுதியிலிருந்து குவைத்துக்கும் டுபாய்க்கும் சவூதிக்கும் உழைக்கச் சென்றவர்கள் விடுமுறையில் ஊர் திரும்பும்போது, அவர்கள் கொண்டுவந்த பெட்டிகளின் கயிற்றை வெட்டும் நேரத்தில் அயல் முழுவதும் முற்றத்தில் கூடியிருக்கும். வானொலியும் கசெற்றும் ஒன்றாய் அமைந்த பெட்டி, சுவர்க் கடிகாரம், தடித்த கம்பளிப் போர்வை என்று ஒவ்வொன்றாக வெளிவரும். மின்சாரப் பொருள்களைப் புரட்டிப் பார்த்தால் அடியில் யப்பான் நாட்டின் பெயர் பொறித்திருக்கும். ஆகவே அரபு நாடு என்பது பிறர் செய்த பொருளை வாங்கிக் கைமாற்றும் ஒரு பெருங் கடைத்தெரு என்றே நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பதைப் பின்னாளில் எமக்கு உணர்த்தியது ஒரு கணனியின் வரலாறு.

அக்கணனியை நாம் முதன்முதலாகக் கண்டது 1988ஆம் ஆண்டில். எமது ஊரவர் ஒருவர் குவைத்திலே சாரதியாக வேலை செய்தார். அயலில் எல்லோருக்கும் அவர் மாமாதான். முதலாளியின் மகன் புதியதொன்றை வாங்கியதும், பழையதை மாமாவிடம் கொடுத்துவிட்டானாம். தட்டச்சுப் பலகை போன்ற அப்பொருளைத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்தால் திரையில் எழுத்தும் படமும் தோன்றும். ஒவ்வொரு விசையிலும் ஆங்கில எழுத்தும், அதன் பக்கத்தில் அரபு எழுத்தும் இருந்தன. "இது படிப்புக்குக் கொண்டுவந்தது, தம்பி. பொடியளுக்கு நீர்தான் காட்டிக் குடுக்கவேணும்" என்று மாமா எம்மிடம் சொன்னார். எமக்கோ அதிற் காட்டிக்கொடுக்க ஒன்றுமே தெரியாது. பிள்ளைகளுக்கு எவரும் காட்டிக்கொடுக்க வேண்டியும் இருக்கவில்லை. பனிக்கட்டியின் மேல் ஒரு பென்குயின் பறவை ஓடிப் பள்ளங்களைத் தாண்டும் ஆட்டம் ஒன்று அதனுடன் வந்திருந்தது. அதைத் தவிர வேறெதையும் அவர்கள் தொடவில்லை.

அக்கணனியின் பெயர் சக்ர். அரபு மொழியில் அது பாறையைக் குறிக்கும் சொல். அதனைத் தோற்றுவித்தவர் முகமது அல் ஷாரிக் என்னும் குவைத்தியர். 1942இல் பிறந்த இவர் பொறியியலாளர் அல்லர். கெய்ரோவிலும் அமெரிக்காவிலும் பொருளியல் கற்று, உலக வங்கியின் பணிப்பாளர் சபையிலும் இருந்தவர். அல் ஆலமியா என்ற தமது நிறுவனத்தின் வாயிலாக 1982இல் அவர் இம்முயற்சியைத் தொடங்கினார். அவ்வாண்டு குவைத்தின் வரலாற்றிலே மறக்கமுடியாத ஆண்டு. எண்ணெய்ப் பணம் பெருகிய மயக்கத்தில் சூக் அல் மனாக் என்னும் பங்குச் சந்தையில் மக்கள் பின்திகதியிட்ட காசோலைகளைக் கொடுத்து வாங்கி விற்றனர். ஆகஸ்ட் மாதத்தில் அது சரிந்தபோது கைகளில் நின்ற காசோலைகளின் பெறுமதி ஏறத்தாழ 9,400 கோடி டொலர். பணம் பணத்தை ஈன்றுகொண்டேயிருக்கும் என்று ஊரே நம்பிய காலத்தில், அரபு மொழிக்கு ஒரு கணனி வேண்டும் என்று ஒரு பொருளியலாளர் தம் முதலை இட்டது எமக்கு வியப்பையே தருகின்றது.

கணனியின் உடலை அவர் புதிதாக உருவாக்கவில்லை. 1983 யூன் மாதத்தில் யப்பானிய அஸ்கி நிறுவனத்தின் கசுஹிக்கோ நிஷி என்பவர், அமெரிக்க மைக்றோசொவ்ற் நிறுவனத்துடன் சேர்ந்து, எம்.எஸ்.எக்ஸ். என்னும் பொது அமைப்பை அறிவித்தார். அதுவரை ஒரு நிறுவனத்தின் வீட்டுக் கணனிக்கு எழுதப்பட்ட நிகழ்ச்சி இன்னொன்றில் ஓடாது. எம்.எஸ்.எக்ஸ். என்ற முத்திரை இருந்தால் எவர் செய்த கணனியிலும் ஓடும் என்பதே புதிய ஏற்பாடு. ஷாரிக் அவ்வமைப்பை ஏற்று, யமஹா முதலிய யப்பானிய நிறுவனங்களைக் கொண்டு இயந்திரத்தைச் செய்வித்தார். அரபு நாடுகளிற் பெரிதும் பரவிய ஏ.எக்ஸ். 170 என்ற வகையில் இருந்த நினைவகம் 64 கிலோபைற். இவ்விதழின் சில பக்கங்களுக்கு மேல் கொள்ளாத அளவு அது. அந்தச் சிறு இடத்துக்குள்தான் அரபு மொழி குடியேற வேண்டியிருந்தது.

குடியேற்றுவது இலகுவான காரியமன்று. அரபு எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். ஆனால் அதனிடையே வரும் எண்களோ இடமிருந்து வலமாகச் செல்லும். ஓர் எழுத்து சொல்லின் முதலில் வந்தால் ஒரு வடிவம், இடையில் வந்தால் வேறொரு வடிவம், கடையில் இன்னொன்று, தனித்து நின்றால் மற்றொன்று. இவையெல்லாவற்றையும் விடக் கடினமானது குற்றுயிர்களை எழுதாமல் விடும் வழக்கு. க, த, ப என்ற மூன்று மெய்களை மட்டும் எழுதிவிட்டால் அது 'எழுதினான்' ஆகவும் இருக்கலாம், 'எழுதப்பட்டது' ஆகவும் இருக்கலாம், 'நூல்கள்' ஆகவும் இருக்கலாம். வாசிப்பவனுக்கு இடம் நோக்கிப் பொருள் விளங்கும். கணனிக்கு விளங்காது. கிதாப் என்றால் நூல், காதிப் என்றால் எழுதுபவன், மக்தபா என்றால் நூலகம். இம்மூன்றும் ஒரே வேரிற் பிறந்தவை என்பதைக் கணனிக்குக் கற்பிக்க வேண்டுமானால் இலக்கணம் முழுவதையும் கணக்காக மாற்றவேண்டும். இப்பெரும்பணியை முன்னின்று நடத்தியவர் நபீல் அலி என்னும் எகிப்தியர். அவர் கற்றது விமானப் பொறியியல்! ஆயினும் அரபுச் சொற்களை வேரும் வடிவுமாகப் பிரித்தறியும் முறையைக் கணனிக்குள் அமைத்தது அவரும் அவர் துணைவர்களுமே. 1985இல் திருக்குர்ஆன் முழுவதையும் சொல்வாரியாகத் தேடத்தக்க மென்பொருள் வெளிவந்தது. அரபுச் சொற்களாலேயே கட்டளையிடக்கூடிய பேசிக் மொழியும், பள்ளிப் பாடங்களுக்கான நிகழ்ச்சிகளும் அக்காலத்தவையே.

இனி விளையாட்டுக்கு வருவோம். ஆசிரியத் தொழிலில் இருந்த நாள்களில் நாம் இதனை வன்மையாக எதிர்த்தவர்கள். கண் கெடும், காலம் கெடும் என்று பெற்றோர் கூட்டங்களில் முழங்கியிருக்கின்றோம். எம்மிடம் வந்து, 'சேர், இவன் இரவிரவாக அதோடை இருக்கிறான்' என்று முறையிட்ட தாய்மாருக்கு நாம் சொன்ன மறுமொழி, பெட்டியைப் பூட்டி வையுங்கள் என்பதே. இப்பொழுது எண்ணிப் பார்க்கையில் எமது கண் தவறான இடத்தில் இருந்ததென்று தோன்றுகின்றது.

சக்ர் கணனியை வாங்கிய அரபுத் தந்தையும் எமது மாமாவைப் போலப் படிப்புக்கென்றே வாங்கினார். அவருடைய பிள்ளையும் விளையாட்டுக்கே அதனிடம் சென்றான். எம்.எஸ்.எக்ஸ். கணனிகளுக்கு மிகச் சிறந்த ஆட்டங்களைச் செய்தது யப்பானின் கொனாமி நிறுவனம். பென்குயின் ஆட்டமும் அதனுடையதே. உலகப் புகழ் பெற்ற மெற்றல் கியர் என்ற ஆட்டம் 1987இல் முதன்முதலாக வெளிவந்ததும் இக்கணனி வகைக்குத்தான். விளையாட வந்த பிள்ளைகளுட் சிலர் ஆட்டத்தைச் செய்வது எப்படி என்று பேசிக் மொழியைத் துருவி, பின்னாளில் கணனித் துறையில் நின்றனர். எனவே விளையாட்டினால் கெட்டுப்போயினர் என்று சொல்வதற்கில்லை. எம்மைச் சிந்திக்க வைப்பது வேறொன்று. வண்ணமும் வேகமும் மிக்க ஆட்டங்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவை. அரபிலே ஆக்கப்பட்டவற்றுட் பெரும்பகுதி பாடமும் மதமும் சார்ந்தவை. பாடத்துக்கு ஒரு மொழி, மகிழ்ச்சிக்கு வேறொரு மொழி என்ற பிரிவு பத்து வயதுப் பிள்ளையின் மனத்தில் எவரும் கற்பிக்காமலே விழுந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்புக்குப் பிள்ளையை இழுத்துச் செல்லும் எமது பெற்றோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அப்பிள்ளை வகுப்பு முடிந்து வீட்டுக்கு ஓடிவருவது எந்த மொழியில் விளையாட என்பது அவர்களுக்குத் தெரியும்.

1990 ஆகஸ்ட் 2ஆம் திகதி ஈராக்கியப் படை குவைத்துக்குள் நுழைந்தது. அந்நாட்டில் வேலை செய்த பல்லாயிரம் இலங்கையர் ஈராக்கையும் கடந்து ஜோர்தான் பாலைவனத்துக் கூடாரங்களில் தண்ணீருக்கு வரிசையில் நின்றனர். இந்திய அரசு 1 இலட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன் மக்களை விமானங்களில் மீட்டது. எமது மாமாவும் கூடாரத்தில் இருந்து, கொழும்பு வந்து சேர்ந்தார். ஆனால் அவ்வாண்டு யூன் மாதத்திலேயே இங்கு போர் மீண்டும் மூண்டு, யாழ்ப்பாணப் புகையிரதமும் நின்றுபோயிருந்தது. ஓர் அகதி இன்னோர் அகதியூருக்கு வழி தேடிய கதை அது. வந்தபோது வீட்டில் மின்சாரம் இல்லை. பிள்ளைகள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்கள். கணனி துணியால் மூடப்பட்டு அலுமாரியின் மேல் இருந்தது.

அதே மாதங்களில் அக்கணனியைச் செய்த நிறுவனமும் அகதியாயிற்று. ஷாரிக் அதனைக் கெய்ரோவுக்கு மாற்றினார். இயந்திரம் விற்கும் தொழில் மீண்டும் பழைய நிலைக்கு வரவில்லை. பின்னாளில் செகா நிறுவனத்தின் விளையாட்டுப் பொறியையும் உள்ளடக்கி ஏ.எக்ஸ். 990 என்றொரு கணனி வந்ததாயினும், மேசைக் கணனிகளும் விண்டோஸ் அமைப்பும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. எஞ்சியது மொழி பற்றிய அறிவு. அதற்குக் கிட்டங்கியும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். அச்சிட்ட அரபை வாசித்தறியும் மென்பொருள், எழுத்தைக் குரலாக்கும் மென்பொருள், மொழிபெயர்ப்பு மென்பொருள் என்பவற்றையே சக்ர் தன் தொழிலாகக் கொண்டது. அதனையும் களவுப் பிரதிகள் வாட்டின. இவ்விடத்தில் எமது பங்கை மறைப்பதற்கில்லை. நாமும் தமிழ் எழுத்துரு ஒன்றை நண்பரிடமிருந்து நெகிழ்தட்டிற் பிரதிசெய்து, செய்தவருக்கு ஒரு சதமும் அனுப்பாமல் பல ஆண்டு பயன்படுத்தினோம்.

தமிழ் கணனிக்குள் வந்ததும் ஊர்விட்டுப் போனவர்களால்தான். அதற்கு முன்னரே, சுண்டிக்குளியிற் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்து, ஜேர்மனியிலே செய்வித்தார். கணனிக் காலத்தில் மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களின் நடுப்பகுதியில் முரசு மென்பொருளை உருவாக்கினார். சுவிற்சர்லாந்திலிருந்து கலியாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகவே கொடுத்தார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி இணையத் தமிழுக்கு உழைத்தவர். எமது அகதிப் பத்திரிகைகள் பலவற்றை ஏற்றது பாமினி எழுத்துரு. இவர்களுக்கு ஒரு ஷாரிக் வாய்க்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வழியிற் குறியீடு வகுத்தமையால், பாரிசிலிருந்து ரொறன்ரோவுக்கு அனுப்பிய கட்டுரை அங்கே புரியாக் குறிகளாய்த் திறந்தது. அரபு நாடுகள் 1980களிலேயே எழுத்துக் குறியீட்டைப் பொதுவாகத் தரப்படுத்திவிட்டன. தமிழுக்கு 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் மாநாடு கூட்டவேண்டியிருந்தது. இன்று யூனிக்கோட் அந்த வழக்கைத் தீர்த்துவிட்டது.

ஷாரிக் தம் முதுமையிற் செய்த பணி ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் வெளிவந்த அரபு இலக்கிய, பண்பாட்டு இதழ்களைத் தேடியெடுத்து, பக்கம் பக்கமாகப் படம்பிடித்து, எவரும் காசின்றி வாசிக்க வைத்தார். 2021இல் அவருக்கு மன்னர் பைசல் பரிசு வழங்கப்பட்டது. 2024 மார்ச்சில் காலமானார். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட எமக்கு அப்பணியின் அருமை தெரியும். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் எமக்கு அவ்வகையில் வாய்த்ததே.

அண்மையில் ஐக்கிய அரபு இராச்சியத்தில் இதே கேள்வி மறுபடியும் எழுந்திருக்கின்றது. 2023 ஆகஸ்டில் அபுதாபியிலே ஜைஸ் என்னும் அரபு செயற்கை அறிவு மென்பொருளை வெளியிட்டார்கள். அந்நாட்டின் மிக உயர்ந்த மலையின் பெயரை அதற்கு இட்டிருக்கிறார்கள். முன்பு பாறை, இப்போது மலை! அதற்குக் கற்பித்த சொற்கூறுகளுள் அரபு 11,600 கோடி, ஆங்கிலம் 27,900 கோடி. பணத்துக்குக் குறைவில்லாத நாட்டிலும், அரபுக்கெனவே செய்த மென்பொருளிலும், ஆங்கிலமே இரு மடங்குக்கு மேல் நிற்கின்றது.

மாமா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் கணனி வீட்டிலேயே விடப்பட்டது. மறு ஆண்டு திரும்பியபோது வீடு இருந்தது, அலுமாரியும் இருந்தது, கணனி இருக்கவில்லை. சென்ற ஆண்டு அவருடைய பேரன், இந்நாட்டிற் பிறந்தவன், எம்மை அழைத்து, "அப்பப்பா கொண்டுவந்த மெஷின் என்ன மெஷின், சேர்?" என்று கேட்டான். பெயரைச் சொன்னோம். பழைய கணனியைப் புதிய கணனிக்குள் நடிக்க வைக்கும் மென்பொருள் ஒன்றினால் இரண்டே நாளில் அதனை அவன் எழுப்பிவிட்டான். திரையில் முதலில் அரபு எழுத்துகள் வந்தனவாம். பக்கத்தில் நின்ற அவன் தகப்பனார், ஐம்பதை நெருங்கும் மனிதர், எழுத்துகளைப் பார்க்கவேயில்லை.

"பென்குயின் எங்கையடா?" என்றுதான் கேட்டாராம்.