பெஞ்ச்சுக்குப் பெயர் வைத்த பாட்டிகள்

இந்த எபிசோட்ல நாம போகப்போற ஊர் ஹராரே. ஜிம்பாப்வேயோட தலைநகரம். அங்கே கிளினிக் வாசல்ல மர பெஞ்ச் போட்டு, பாட்டிகள் உட்கார்ந்து மனசு சரியில்லாதவங்ககிட்ட பேசுறதை நீங்க ரீல்ஸ்ல பார்த்திருக்கலாம். பார்க்க அழகான காட்சிதான். ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு ஆராய்ச்சி வரலாறு இருக்கு. மனநலத்தைப் பற்றி ஆய்வு செய்யும்போது கேள்வியை யார் எழுதுவது, சிகிச்சைக்கு யார் பெயர் வைப்பது? இன்னைக்கு இதைத்தான் பேசப்போறோம்.

கதை பெஞ்ச்சுக்குப் பத்து வருஷம் முன்னாடி தொடங்குது. 1990-களில் விக்ரம் படேல் என்ற இந்திய மனநல மருத்துவர் ஹராரேவில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். மனச்சோர்வை அளக்க அன்று புழக்கத்தில் இருந்த கேள்வித்தாள்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உருவானவை. அவற்றை அப்படியே ஷோனா மொழியில் பெயர்த்துக் கேட்டால் போதுமா?

போதாது. 'டிப்ரஷன்' என்பதற்கு ஷோனாவில் நேரான சொல் இல்லை. அதற்காக அந்த வேதனையே அங்கே இல்லை என்றாகிவிடுமா? படேலும் அவருடைய ஹராரே சகாக்களும் நோயாளிகள், செவிலியர்கள், சுகாதாரப் பணியாளர்கள், பாரம்பரிய வைத்தியர்கள் என்று பலரிடமும் கேட்டார்கள். இந்த மாதிரி நிலைமைக்கு நீங்க என்ன சொல்வீங்க? திரும்பத் திரும்ப வந்த சொல் 'குஃபுங்கிசிசா'. அளவுக்கு மீறி யோசிக்கிறது என்று அர்த்தம். நம்ம வீடுகள்லயும் "ஒரே யோசனையா இருக்கு, தூக்கமே வரல"ன்னு சொல்வோமே, கிட்டத்தட்ட அது.

இப்படிச் சேகரித்த சொற்களிலிருந்து 14 கேள்விகள் கொண்ட 'ஷோனா அறிகுறி வினாப்பட்டியல்' உருவாகி, 1997-ல் வெளியானது. ஆமாம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். ரொம்ப யோசிச்சீங்களா? வயிறு வலிச்சதா? வேலை பின்தங்கிப் போச்சா? அழணும்போல இருந்ததா? வயிற்றுவலி மனநலக் கேள்வித்தாளில் எதற்கு என்று தோணலாம். அந்த ஊர் மக்கள் துயரத்தைச் சொல்லும்போது அதையும் சேர்த்தே சொன்னார்கள், அதனால்தான். 2013-ல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவக் கையேடான டிஎஸ்எம்-5, குஃபுங்கிசிசாவைத் தன் சொற்பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

இப்போ 2005-க்கு வருவோம். ஜிம்பாப்வே அரசு 'ஆபரேஷன் முரம்பட்ஸ்வினா' என்ற பெயரில் நகரங்களில் குடிசைகளையும் தெருக்கடைகளையும் இடித்துத் தள்ளியது. 'குப்பையை அகற்று' என்பது அந்தப் பெயரின் பொருள். வீட்டையோ பிழைப்பையோ இழந்தவர்கள் சுமார் 7 லட்சம் பேர் என்று ஐநா அறிக்கை மதிப்பிட்டது. நாட்டில் இருந்த மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவர்களில் ஒருவர் டிக்சன் சிபாண்டா. அதே வருஷம் அவருடைய நோயாளியான ஒரு இளம்பெண் தற்கொலை செய்துகொண்டார். மருத்துவமனைக்கு வரத் தேவைப்பட்ட பஸ் கட்டணம் 15 டாலர். அந்தக் குடும்பத்திடம் அது இல்லை. (இதைக் கேட்கிற உங்களுக்கு மனசு கனமா இருந்தா, இந்தியாவுக்குள்ள 14416-க்கு அழைக்கலாம். டெலி மானஸ் அரசு சேவை. இலவசம்.) நோயாளி நம்மைத் தேடி வரட்டும் என்று காத்திருந்தால் நடக்காது என்பது சிபாண்டாவுக்குப் புரிந்தது.

2006-ல் ஹராரேவின் ம்பாரே பகுதிக்குப் போனார். கிளினிக்கில் அறை இல்லை. செவிலியர்களுக்கு நேரம் இல்லை. கிடைத்தவர்கள் 14 பாட்டிகள். 'அம்புயா உடானோ', அதாவது சுகாதாரப் பாட்டிகள் என்று ஊரே அறிந்தவர்கள். உள்ளே இடம் இல்லாததால் வெளியே மர பெஞ்ச்.

சிபாண்டா அதற்கு முதலில் வைத்த பெயர் 'மனநல பெஞ்ச்'. பாட்டிகள் சொன்னது சுருக்கமாக இதுதான்: இந்தப் பேரை வச்சா யாரும் வந்து உட்கார மாட்டாங்க. அவர்கள் சொன்ன பெயர் 'சிகாரோ செகுபானாமசானோ', ஒருத்தருக்கொருத்தர் யோசனை சொல்லிக்கொள்ளும் இருக்கை. ஆங்கிலத்தில் அது 'ஃப்ரெண்ட்ஷிப் பெஞ்ச்' ஆனது. சிகிச்சையின் படிகளுக்கும் ஷோனா பெயர்கள்தான்: மனதைத் திறப்பது, தூக்கி நிறுத்துவது, உறுதிப்படுத்துவது. பிரச்சினைகளைப் பட்டியல் போட்டு, ஒன்றை மட்டும் எடுத்து, அடுத்த அடி என்ன என்று சேர்ந்து யோசிக்கும் முறை அது.

ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. பழைய பெயரோடவே ஆய்வு நடந்திருந்தா? பெஞ்ச் காலியா கிடந்திருக்கும். "இந்தச் சிகிச்சைக்கு இங்கே தேவை இல்லை" என்று ஒரு முடிவு அச்சில் வந்திருக்கலாம். அப்படி வந்திருந்தா தப்பு மக்கள்கிட்ட இல்ல, ஆய்வோட வடிவத்துல. அதைப் பிடிச்சது அந்தத் தெருவில் வாழ்ந்த பாட்டிகள்.

முறையான சோதனை 2014-ல் தொடங்கியது. ஹராரேவின் 24 கிளினிக்குகள், 573 பேர். பாதி கிளினிக்குகளில் பெஞ்ச், மீதியில் வழக்கமான கவனிப்பைச் சற்று மேம்படுத்திய வடிவம். முதன்மை அளவுகோல், அதே 14 கேள்விகள்; மனச்சோர்வைத் தனியாகவும் அளந்தார்கள். ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தவர்கள் பெஞ்ச் குழுவில் சுமார் 14 சதவீதம், மற்ற குழுவில் சுமார் 50 சதவீதம். 2016-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் இது வெளியானது.

கொண்டாடும்போதே சில விஷயங்களையும் பார்க்கணும். பங்கேற்றவர்களில் பத்தில் எட்டுக்கும் மேல் பெண்கள். அதனால் ஆண்களைப் பற்றி இந்த எண்கள் அதிகம் சொல்லாது. ஆறு மாதத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்பதையும் இந்தச் சோதனை சொல்லாது. இன்னொன்று, பாட்டிகள் பெயரை மாற்றினார்கள், சிகிச்சையைத் தங்கள் மொழிக்குக் கொண்டுவந்தார்கள். ஆனா எதை ஆராய்வது என்று முதலில் முடிவு செய்தவர் டாக்டர்தான். பங்காளி என்ற சொல் எந்தக் கட்டத்திலிருந்து பொருந்தும்? ஆய்வுலகம் இன்னும் விவாதிக்கிற கேள்வி இது.

பிறகு பெஞ்ச் மலாவிக்கும் சான்சிபாருக்கும் நியூயார்க்குக்கும் போனது. நியூயார்க்கில் அதில் உட்கார்ந்தவர்கள் பாட்டிகள் அல்ல. மனநலச் சிக்கலையோ போதைப் பழக்கத்தையோ தாங்களே கடந்து வந்தவர்கள். அந்த ஊரில் யாரிடம் மனம்விட்டுப் பேச முடியும் என்பதை அந்த ஊர்தான் சொல்லணும்.

அடுத்த தடவை யாராவது ஒரு மனநல சர்வே லிங்க் அனுப்பினா, பதில் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: இந்தக் கேள்விகளை எழுதும்போது எங்களை மாதிரி யாராவது அந்த அறையில் இருந்தாங்களா?

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.