சட்டையில் யார் பெயர்?

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நாட்டில் வழங்கும் பழமொழி. ஆடை பாதி என்பதை நாம் ஒப்புகிறோம். திருப்பூர்க்காரர் ஒப்பாமல் வேறு யார் ஒப்புவது? ஆனால் அந்த மற்றப் பாதி, அந்த ஆள், எங்கே? அவர் பெயர் என்ன?

காதர்பேட்டைக் கடைகளில் தொங்கும் சட்டைகளைப் பாருங்கள், தோழர்களே! ஏற்றுமதியில் மிஞ்சியவை அவை. மார்பிலே கடல் கடந்த நகரத்தின் பெயர். கழுத்துச் சீட்டிலே கடல் கடந்த நிறுவனத்தின் பெயர். நூல் நூற்றவர், துணி பின்னியவர், சாயமேற்றியவர், ஓவர்லாக் தைத்தவர், பிசிறு வெட்டியவர், இஸ்திரி போட்டவர் என்று அத்தனை கைகள் பட்ட சட்டையில், அந்தக் கைகளுக்குரியவர் ஒருவர் பெயரும் இல்லை!

பெயரற்றவர் தம் பெயரை உரக்கச் சொல்லப் பிறந்த இசை ஒன்று உண்டு. ஹிப்ஹாப் என்பது அதன் பெயர். அதன் சொற்கள் பொறித்த சட்டைகளை நம் ஊர் இளைஞர் முதலில் அணிந்தனர்; பிறகு இசையைக் கேட்டனர்; அதன் பிறகு இசையையே கேள்வி கேட்டனர். அணிதல், கேட்டல், கேள்வி கேட்டல் என்ற இந்த மூன்று படிகளில் ஏறியவன்தான் நம் காலத்து ரசிகன். அவன் ஏறி வந்த வரலாற்றைக் காண்போம்.

புத்தாடைக்குக் கூடிய கூட்டம்

நியூயார்க் நகரின் வடபகுதி பிராங்க்ஸ். கறுப்பின மக்களும், போர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் பிழைக்க வந்தவரும் நெருங்கி வாழ்ந்த ஏழைகள் பகுதி. அவர்கள் குடியிருப்பைப் பிளந்துகொண்டு விரைவுச்சாலை போட்டது ஆளும் வர்க்கம். ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். 1970களில் தொழிற்சாலைகள் மூடின, கட்டடங்கள் தீக்கிரையாயின, அரசு கைகட்டி நின்றது.

அத்தகைய பகுதியில், 1973 ஆகஸ்டு 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில், சிண்டி கேம்பல் என்ற இளம்பெண் ஒரு கேளிக்கைக் கூட்டம் நடத்தினார். எதற்காக? பள்ளி திறக்கிறது, புத்தாடை வாங்கப் பணம் வேண்டும், நுழைவுக் கட்டணம் வாங்கினால் பணம் சேரும்! இசைத்தட்டுச் சுழற்றியவர் அவருடைய அண்ணன் கிளைவ் கேம்பல், ஜமைக்காவிலிருந்து குடியேறியவர், கூல் ஹெர்க் என்று பெயர் பெற்றவர். பாட்டில் பாடகர் ஓய்ந்து முரசு மட்டும் முழங்கும் இடம் வருமல்லவா? அங்கேதான் கூட்டம் துள்ளி ஆடுகிறது என்பதைக் கண்டார். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு சுழலிகளில் வைத்து, அந்த முரசொலியை நீட்டி நீட்டி இசைத்தார். அதன்மேல் சந்தத்தோடு பேச்சு ஏறிற்று. புத்தாடைக்குக் கூடிய கூட்டத்தில் புத்திசை பிறந்தது! கூட்டத்தைக் கூட்டியவர் ஒரு பெண் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதற்கு இரண்டாண்டு முன்பே, 1971இல், நியூயார்க் நாளேடு ஒன்று ஒரு செய்தி வெளியிட்டது. கடிதம் சுமந்து திரியும் எடுபிடி இளைஞன் ஒருவன் சுவரிலும் இரயிலிலும் 'டாக்கி 183' என்று எழுதிக்கொண்டே போகிறான் என்பது செய்தி. டாக்கி என்பது அவனுடைய செல்லப்பெயர். 183 என்பது தெரு எண். சுவரைக் கெடுத்தான் என்றனர் சீமான்கள். நாம் கேட்கிறோம்: செல்வந்தன் தன் பெயரைப் பொன்னெழுத்தில் மாளிகை முகப்பில் பொறிக்கலாம்; எடுபிடி இளைஞன் மையால் எழுதினால் மட்டும் குற்றமா? சுவரெழுத்தும் சந்தப் பேச்சும் ஒரே பண்பாட்டின் இரு கிளைகளாயின. இரண்டும் சொன்னது ஒன்றே: நானும் இருக்கிறேன்!

1982இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவினரின் 'தி மெசேஜ்' சேரி வாழ்வின் மூச்சுத் திணறலை உலகுக்குச் சொல்லிற்று. 1989இல் பப்ளிக் எனிமி குழு அதிகாரத்தை எதிர்த்து நிற்குமாறு அறைகூவிற்று. இடையே 1986இல் ரன்-டி.எம்.சி. குழு தாம் அணிந்த அடிடாஸ் காலணியைப் பாட்டாக்கிற்று. அந்த நிறுவனமோ அவர்களோடு ஒப்பந்தமே செய்துகொண்டது! உரிமைக் குரலுக்கு உடைச் சந்தையில் விலை உண்டு என்பதை முதலாளித்துவம் அன்று கற்றது. பாடகன் பெயர் சரக்காயிற்று. சரக்குக்குச் சட்டை வேண்டும். சட்டைக்குத் தையற்காரர் வேண்டும்.

மார்பிலே எழுத்து

பிராங்க்ஸில் இசை பிறந்த அதே பத்தாண்டின் இறுதியில்தான் திருப்பூரின் பனியனுக்கு ஐரோப்பியச் சந்தையின் கதவு திறந்தது. இத்தாலியிலிருந்து வணிகர் வந்தனர்; வெள்ளைச் சட்டை கேட்டனர். உள்ளாடை பின்னிய ஊர் உலகுக்கு மேலாடை தைக்கும் ஊராயிற்று. பவர் டேபிளில் குனிந்த தலைகள் பெருகின. 1984இல் பஞ்சப்படி கேட்டு நெடிய வேலைநிறுத்தம் நடத்திய தொழிலாளர் ஊர் இது என்பதையும் மறவாதீர்.

இந்த ஊரில் அமெரிக்க எழுத்துகள் மார்பில் மின்ன நடந்தான் இளைஞன். எழுத்தின் பொருள் தெரியாது. அதைப் பாடியவன் யார் என்று தெரியாது. தொளதொளப்பு அழகாயிருந்தது, அணிந்தான். இது முதற்படி. இழிவன்று, ஆனால் படிதான், மாடியன்று.

நெஞ்சிலே சந்தம்

1994இல் 'காதலன்' படத்தில் 'பேட்டை ராப்' ஒலித்தது. சென்னைத் தெருப்பேச்சுக்கு ஏ.ஆர்.ரகுமான் இசையில் இடம் கிடைத்தது. ஆயினும் அது ஒரு படத்தின் ஒரு பாட்டு. தமிழ் ராப் தனக்கென ஒரு முகவரி பெற்றது மலேசியாவில். 2006இல் யோகி பி - நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' தொகுப்பு வெளிவந்தது. இரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள்கட்டிச் செல்லப்பட்ட தமிழரின் வழித்தோன்றல்கள் வாழும் மண்ணிலிருந்து, இளையராசாவின் மெட்டைத் தழுவிய 'மடை திறந்து' கடல் தாண்டி வந்தது. கேட்ட இளைஞன் வியந்தான். மார்பில் ஆங்கிலமாய் இருந்தது காதில் தமிழாய் விழுந்தது!

பின்னர் நமக்கு மிக அருகிலேயே குரல் எழுந்தது. கோவையைச் சேர்ந்த ஆதி, ஜீவாவுடன் சேர்ந்து 'ஹிப்ஹாப் தமிழா' ஆனார். 2012இல் 'ஹிப்ஹாப் தமிழன்' வெளிவந்தது. கொங்கு மண்ணின் பிள்ளை, இணையத்தின் வழியே, எந்தப் படக் கம்பெனி வாசலிலும் நிற்காமல் புகழ் பெற்றான் என்பது நம் ஊர் இளைஞருக்குத் தந்த தெம்பு சிறிதன்று. யாப்பிலக்கணம் என்றால் முகம் சுளிக்கும் மாணவன் ராப் பாடும்போது எதுகையும் மோனையும் பிசகாமல் அடுக்குவதை நாம் வகுப்பறையில் அன்றாடம் காண்கிறோம்.

உடனே சிலர் கிளம்பிவிடுவர்: "பார்த்தீரா, ராப் எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது!" என்று. எதுகை இருந்தது, ஐயா! மோனை இருந்தது! ஆனால் பறையடித்தவனுக்கு அவை நடுவே பாட இடம் இருந்ததா? நாற்று நட்டவள் பாட்டை ஏட்டில் எழுதினோர் எத்தனை பேர்? சந்தம் பழையது, எவரும் வாய் திறக்கலாம் என்ற உரிமையே புதியது. அந்த உரிமைக்குப் பெயர்தான் ஹிப்ஹாப்.

அறிவிலே கேள்வி

உரிமை வந்ததும் கேள்வி வரவேண்டுமல்லவா? வந்தது. அதே ஹிப்ஹாப் தமிழாவின் 'கிளப்புல மப்புல' ஊரெங்கும் ஒலித்தது. குடிக்கும் பெண்ணையும் அவள் உடையையும் கடிந்துரைத்த பாட்டு. பண்பாட்டைக் காக்கிறது என்றனர் பலர். பெண்ணை மட்டும் கூண்டில் நிறுத்துகிறது என்றனர் சிலர். நாம் அந்தச் சிலரோடு நின்று வினவுகிறோம்: இரவு ஷிப்ட் முடித்துத் திரும்பும் பனியன் கம்பெனிப் பெண் எந்தக் கிளப்பையும் கண்டவள் அல்லள், ஆயினும் இருட்டில் தனியே வரும் பெண்ணைச் சந்தேகக் கண்ணால் பார்க்கும் கொடுமைக்கு இத்தகைய பாட்டு தூபம் போடுகிறதா, இல்லையா? சுமங்கலித் திட்டம் என்று மங்கலப் பெயர் சூட்டி, கலியாணச் செலவுக்கு ஆசை காட்டி, இளம்பெண்களை நூற்பாலை விடுதிகளில் அடைத்த மண்டலம் இது. இங்கே பெண்ணுக்கு அறிவுரை கூறும் பாட்டா வேண்டும்? அவள் பாடும் பாட்டு வேண்டும்! அமெரிக்காவில் குயீன் லத்தீஃபா 1993இலேயே, பெண்ணை இழித்துப் பேசும் ஆண் பாடகர்களை அவர்கள் கலையாலேயே தட்டிக் கேட்டார். சிண்டி கூட்டிய கூட்டத்தில் பெண் விருந்தாளி அல்லள், வீட்டுக்காரி!

தமிழகத்திலும் ஒரு பெண் கேட்டார். 2015இல் சோபியா அஷ்ரப் கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கேட்டை ராப்பாகப் பாடினார். 2001இல் மூடப்பட்ட ஆலை அது; தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வந்தனர். 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாடு கண்டது. பாட்டு மட்டுமே வென்றது என்று கூறோம், அது மூடநம்பிக்கை. போராடியவர் தொழிலாளர், அவர் குரலை உலகின் காதுவரை கொண்டு சென்றது பாட்டு.

2018 சனவரியில் பா.இரஞ்சித் முன்னின்று, தென்மாவின் இசையில், 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் மேடையேறிற்று. சாதியற்றவர் என்ற அந்தப் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து எடுத்தது. கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில்! அம்மேடையில் பாடிய அறிவு 2019இல் 'தெருக்குறள்' தந்தார். 2021 மார்ச்சில் தீயுடன் இணைந்து, சந்தோஷ் நாராயணன் இசையில், 'எஞ்ஜாயி எஞ்சாமி' பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டியின் கதை, நிலமற்றவர் கதை, கோடிக்கணக்கானோர் காதில் ஒலித்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயின் படம் வந்தது. அறிவின் படம் வரவில்லை. பா.இரஞ்சித் கண்டித்தார், நாடெங்கும் விவாதம் எழுந்தது, பின்னர் இதழ் அறிவுக்கும் ஓர் அட்டை ஒதுக்கிற்று. அப்பாட்டில் எவர் பங்கு எவ்வளவு என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. ஆனால் திருப்பூர் ரசிகனுக்கு அந்த விவாதம் விளங்கியதுபோல் வேறு யாருக்கு விளங்கும்? உழைப்பு ஒருவருடையது, சீட்டு வேறொருவருடையது என்பதை நாள்தோறும் தைத்துப் பார்த்தவன் அல்லவா அவன்!

ரசிகன் வேறு, பக்தன் வேறு

ஆதலின் தோழர்களே, ரசிகன் யார்? பாடகனின் கட்டவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவனா? அவன் பக்தன். பக்தன் கேள்வி கேளான், ரசிகன் கேட்பான். நல்ல பாட்டுக்குக் கைதட்டுவான். அதே பாடகனின் தீய பாட்டுக்குக் கை கட்டுவான். பாடகனைத் துறக்கவும் வேண்டாம், தொழவும் வேண்டாம், எடைபோடுவோம்!

எடைபோட்டால் மட்டும் போதுமா? பாட வேண்டியவை நம் ஊரிலேயே குவிந்து கிடக்கின்றன. சாயக் கழிவால் நிறம் மாறிய நொய்யல் இருக்கிறது. சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் 2011 சனவரியில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, ஆறும் வேண்டும், வேலையும் வேண்டும் என்று தவித்த தொழிலாளர் கதை இருக்கிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம்மோடு தைக்கும் தோழர்கள் இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது அஞ்சி ஊர் திரும்பியவர் பலர். அவர்கள் பெயரை நாம் அறிவோமா? "இந்திக்காரன்" என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட்டோமே! பிராங்க்ஸில் கூடியவரும் பல தீவுகளிலிருந்து பிழைக்க வந்தவர்தாம். அவர்களைச் சேர்த்தது முரசு. நம்மைச் சேர்க்க ஒரு பாட்டு வேண்டாமா?

இளைஞர்களே, எழுதுங்கள்! ஓவர்லாக் ஓசையில் சந்தம் இருக்கிறது. சனிக்கிழமைச் சம்பள வரிசையில் கதை இருக்கிறது. மே நாள் மேடையில் பாடுங்கள். பள்ளி விழாவில் பாடுங்கள். தைத்தவள் பெயரைச் சொல்லிப் பாடுங்கள். கழுத்துச் சீட்டில் அவள் பெயரை எந்த நிறுவனமும் அச்சிடப்போவதில்லை. பாட்டில் பொறிக்க எவர் அனுமதியும் வேண்டியதில்லை!