வீதி விபத்துகள்: காரணங்கள், விளைவுகள், தடுக்கும் வழிகள்

நோயினாலும் முதுமையினாலும் நிகழும் மரணங்களுக்கு மனிதன் ஓரளவேனும் தன்னைத் தயார்படுத்திக் கொள்கின்றான். ஆனால் காலையில் வேலைக்குச் சென்ற தந்தையும், பாடசாலைக்குச் சென்ற பிள்ளையும் மாலையில் ஜனாஸாவாக வீடு திரும்புவதற்கு எந்தக் குடும்பமும் தயாராக இருப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி உலகில் ஆண்டுதோறும் சுமார் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துகளில் உயிரிழக்கின்றனர். 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் மரணத்துக்கான முதற்காரணம் வீதி விபத்தே. வாகனங்கள் அதிகமுள்ள செல்வந்த நாடுகளைவிட எம்போன்ற நாடுகளிலேயே மரணங்கள் மிக அதிகம். இலங்கையில் அண்மைக் காலமாக வருடமொன்றுக்கு 2,000 இற்கும் 3,000 இற்கும் இடைப்பட்டோர் வீதியில் மரணிக்கின்றனர். அவர்களில் பெரும்பகுதியினர் மோட்டார் சைக்கிளில் செல்வோரும் பாதசாரிகளுமாவர்.

"விபத்து" என்ற சொல்லைக் கேட்டவுடன் எதிர்பாராமல் தானாக நிகழ்ந்த ஒன்று என்றே எண்ணுகின்றோம். ஆனால் ஒவ்வொரு விபத்தையும் ஆராய்ந்து பார்த்தால் அதன் பின்னணியில் யாரோ ஒருவரின் அவசரமோ, அலட்சியமோ, அறியாமையோ இருப்பதைக் காணலாம்.

காரணங்கள்

1. அதிக வேகம்: வேகம் இரு மடங்கானால் மோதலின் தாக்கமும், பிரேக் பிடித்த பின் வாகனம் நிற்பதற்குத் தேவையான தூரமும் நான்கு மடங்காகின்றன. சராசரி வேகம் 1 வீதத்தால் கூடும்போது உயிரிழப்பை ஏற்படுத்தும் விபத்துக்கான வாய்ப்பு 4 வீதத்தால் கூடுகின்றது என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. வேகத்தால் நாம் மிச்சப்படுத்துவதோ ஐந்து நிமிடங்கள் மாத்திரமே.

2. கவனச் சிதறல்: மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் தூரத்தைக் கடக்கின்றது. கையடக்கத் தொலைபேசியில் வந்த செய்தியை மூன்று செக்கன்கள் பார்ப்பவர் 50 மீற்றர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகின்றார் என்பதே பொருள். தொலைபேசியைப் பயன்படுத்தும் சாரதி விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏனையோரைவிட சுமார் நான்கு மடங்கு அதிகம்.

3. தூக்கமும் களைப்பும்: 2025 மே 11 ஆம் திகதி அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற பஸ் கொத்மலை கெரண்டிஎல்லவில் பள்ளத்தில் வீழ்ந்து 20 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரவு நேர நெடும் பயணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை அது நாட்டுக்கே நினைவூட்டியது. திருமண வீட்டுக்கும் சுற்றுலாவுக்கும் வேன் பிடித்துச் செல்லும் நாம், பின்னிருக்கையில் நிம்மதியாக உறங்குகின்றோம். சாரதி முந்திய இரவு உறங்கினாரா என்று கேட்பதில்லை.

4. போட்டியும் முந்திச் செல்லலும்: 2005 ஏப்ரல் 27 ஆம் திகதி பொல்கஹவலைக்கு அருகே யங்கல்மோதர புகையிரதக் கடவையை அவசரமாகக் கடக்க முயன்ற பஸ் மீது புகையிரதம் மோதியதில் சுமார் 40 பேர் பலியாகினர். புகையிரதம் கடந்து செல்லச் சில நிமிடங்கள் பொறுத்திருந்தால் அவர்கள் அனைவரும் அன்று வீடு சேர்ந்திருப்பர்.

5. மதுவும் போதையும்: 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்பதே எமது நாட்டுச் சட்டம் வகுத்துள்ள மதுசார எல்லை. ஆனால் அதைவிடக் குறைந்த அளவிலேயே மனிதனின் நிதானமும் பார்வையும் தடுமாறத் தொடங்கிவிடுகின்றன. மதுவைத் தொடாத இளைஞர்களில் சிலரையும் ஐஸ் போன்ற போதைப்பொருட்கள் இன்று பிடித்துக்கொண்டுள்ளன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

6. ஏனைய காரணங்கள்: தேய்ந்த டயர், எரியாத பின்விளக்கு, வெளிச்சமற்ற வீதி, இரவில் வீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகள், நடைபாதையை ஆக்கிரமித்த கடைகள் ஆகியனவும் உயிர்களைப் பறிக்கின்றன. கிழக்கு மாகாணத்தில் இரவில் பயணிப்போர் மாடுகளால் படும் அவதியை நன்கறிவர்.

விளைவுகள்

மரணம் மாத்திரமே விபத்தின் விளைவல்ல. முள்ளந்தண்டு முறிந்து படுக்கையில் கிடப்பவரும், தலையில் அடிபட்டுத் தன் பிள்ளையின் பெயரையே மறந்தவரும், காலை இழந்த கூலித் தொழிலாளியும் பத்திரிகைச் செய்தியில் "காயமடைந்தோர்" என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றனர். உழைப்பவர் விழுந்தால் மனைவியின் நகை அடகுக்குச் செல்கின்றது, பிள்ளையின் கல்வி நிற்கின்றது. தாயைப் பராமரிக்க மூத்த மகள் பாடசாலையை விட்டு விலகுகின்றாள். பல நாடுகள் தமது மொத்தத் தேசிய உற்பத்தியில் சுமார் 3 வீதத்தை விபத்துகளால் இழக்கின்றன.

விபத்தை ஏற்படுத்தியவரும் தப்புவதில்லை. நீதிமன்றம், சிறை, அனுமதிப்பத்திர இரத்து, நட்டஈடு என்பவற்றோடு ஓர் உயிரைப் பறித்த குற்ற உணர்வும் வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்கின்றது.

விதியும் பொறுப்பும்

விபத்து நடந்த வீட்டில் "எல்லாம் விதி" என்று ஆறுதல் கூறுகின்றோம். இழந்தவருக்கு அது ஆறுதலாகலாம். இழக்கச் செய்தவருக்கு அது சாட்டாக முடியாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். பிரேக் பழுதான வண்டியைச் செலுத்துவது தவக்குல் அல்ல.

தவறுதலாக நிகழும் கொலைக்கும் குர்ஆன் பொறுப்பைச் சுமத்துகின்றது. ஸூரா அந்நிஸாவின் 92 ஆம் வசனம், கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்குரிய நட்டஈட்டையும் அதற்கான பரிகாரத்தையும் கூறுகின்றது. அடிமையை விடுதலை செய்ய வழியில்லாதவர் தொடர்ந்து இரண்டு மாதங்கள் நோன்பு நோற்க வேண்டும். தவறு சாரதியுடையதாயின் வீதி விபத்து மரணமும் இதில் அடங்கும் என அறிஞர்கள் விளக்குகின்றனர். வழக்கு முடிந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என எண்ணுவோர் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

பாதையில் கிடக்கும் தொல்லை தருபவற்றை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை. அப்படியாயின் பாதையில் செல்வோருக்கு நாமே தொல்லையாக மாறுவது எதன் கிளை?

தடுக்கும் வழிகள்

பெற்றோர்: அனுமதிப்பத்திரம் இல்லாத பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுப்பது பாசமல்ல. பரீட்சையில் சித்தியடைந்ததற்கு அதிவேக சைக்கிளைப் பரிசளிக்கும் முன் ஒரு முறை சிந்தியுங்கள். அனுமதிப்பத்திரமின்றி ஓட்டுபவர் விபத்தை ஏற்படுத்தினால் காப்புறுதியும் கைகொடுக்காமல் போகலாம்.

தலைக்கவசம்: ஜும்ஆவுக்குச் செல்லும்போது தொப்பி அணிகின்றோம், தலைக்கவசத்தை வீட்டில் வைத்துவிடுகின்றோம். "பக்கத்துப் பள்ளிதானே" என்கின்றோம். தலைக்கவசம் மரண அபாயத்தை சுமார் 42 வீதத்தாலும் தலைக் காயத்தை சுமார் 69 வீதத்தாலும் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் தாடைப் பட்டி பூட்டப்படாத கவசம் விழும்போது முதலில் கழன்றுவிடும். தந்தைக்கும் தாய்க்கும் நடுவே கவசமின்றி அமர்ந்திருக்கும் குழந்தையின் தலையையும் நினைத்துப் பாருங்கள்.

ஆசனப்பட்டி: முன்னாசனத்தில் இருப்போர் ஆசனப்பட்டி அணிவது 2011 ஒக்டோபர் முதல் இலங்கையில் கட்டாயமாகும். பொலிஸாரைக் கண்டதும் இழுத்துப் பிடித்துக்கொள்வது அபராதத்திலிருந்து மாத்திரமே காப்பாற்றும்.

றமழானும் பெருநாளும்: இஃப்தாருக்கு முந்திய அரை மணி நேரத்தில் வீதிகளில் காணும் அவசரம் அச்சமூட்டுவது. ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீர்ப் போத்தலும் வண்டியில் இருந்தால் வழியிலேயே நோன்பு திறக்கலாம். பெருநாள் தினத்தில் இளைஞர்கள் நடத்தும் மோட்டார் சைக்கிள் ஓட்டத்தைத் தடுப்பது ஊர்ப் பெரியவர்களின் கடமை.

பள்ளிவாசல் நிர்வாகம்: ஜும்ஆ முடிந்து மக்கள் பிரதான வீதியில் இறங்கும் நேரத்தில் தொண்டர்களை நிறுத்தலாம். வருடத்தில் ஒரு குத்பாவையேனும் வீதி ஒழுங்குக்கு ஒதுக்கலாம். மாடு வளர்ப்போரை அழைத்துப் பேசலாம். ஆபத்தான வளைவுக்கு மின்விளக்குக் கோரி பிரதேச சபைக்கு எழுதலாம்.

விபத்து நிகழ்ந்த பின்

முதலில் 1990 இலக்கத்துக்கு அழைத்து இலவச சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவையையும், 119 ஊடாகப் பொலிஸாரையும் வரவழையுங்கள். இரத்தம் வடியும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை, தீ போன்ற உடனடி ஆபத்து இருந்தாலன்றி, தூக்கி முச்சக்கர வண்டியில் மடித்துப் போடாதீர்கள்; காப்பாற்றும் அவசரமே அவரை நிரந்தர ஊனமாக்கிவிடலாம். மயக்கமுற்றவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சாரதியைத் தாக்குவதும், காயப்பட்டவரை வீடியோ எடுத்துப் பகிர்வதும் உதவியல்ல. அவரின் தாய் மகனின் செய்தியை முகநூலில் பார்த்து அறியும் நிலைக்கு நாம் காரணமாகிவிடக் கூடாது.

சட்டங்கள் எமக்குக் குறைவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1951 ஆம் ஆண்டிலிருந்தே நடைமுறையில் உள்ளது. பொலிஸார் நிற்காத சந்தியிலும் அதற்குக் கட்டுப்படும் மனம்தான் எம்மிடம் குறைவு. வாகனத்தில் ஏறும்போது பயண துஆ ஓதும் நாம், அதே நேரத்தில் தலைக்கவசத்தின் பட்டியையும் பூட்டிக்கொள்வோம். வீட்டில் எம்மை எதிர்பார்த்திருப்போர் நாம் ஐந்து நிமிடம் தாமதித்து வந்தாலும் மகிழ்ச்சியடைவர்.