வளியின் விதியும் மூச்சின் மீட்பும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை ஊர்களுள் களுவாஞ்சிக்குடியும் ஒன்று. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வாழும் பலர், பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தே அவ்வூர் ஆதார வைத்தியசாலையை அடைகின்றனர். காய்ச்சல்காரனுக்கு அது தூரமன்று. உணவுக் கவளம் வாதனாளியை முற்றாக அடைத்துவிட்டவனுக்கோ, ஏறக்குறைய நான்கு நிமிடங்களில் மூளை பழுதடையத் தொடங்கும். அவன் உயிர் அருகிலிருப்பவர் கையிலேயே உள்ளது. அக்கை என்ன செய்தல் வேண்டும் என்பதற்குரிய விதி 1662 இல் அச்சேறியது. அவ்விதியை அடைப்பின்மேற் செலுத்தும் முறையோ 1974 இலேயே வெளிவந்தது. இடையிற் கழிந்தவை முந்நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள்.

வெப்பநிலை மாறாதிருக்க, குறித்த திணிவுடைய வாயுவின் கனவளவு குறையுமாயின் அமுக்கம் அதே விகிதத்திற் கூடும் என்பதே போயிலின் விதி. வளைந்த கண்ணாடிக் குழாயில் இரசத்தை ஊற்றி அவர் இதனை அளந்தார். ஆறாண்டு கழித்து, 1668 இல், யோன் மேயோ என்பார் மூச்சுக்கு ஒரு துருத்தியை உவமையாக்கினார். துருத்தியினுள் ஒரு பையை வைத்து, துருத்தியை விரித்தாற் பை தானே காற்றேற்கும் எனக் காட்டினார். காற்றுப் புகுவதால் மார்பு விரிவதில்லை. மார்பு விரிவதாலேயே காற்றுப் புகுகிறது. பிரிமென்றகடு தாழ்ந்து விலாவென்புகள் உயர, நெஞ்சறையின் கனவளவு பெருகுகின்றது. நுரையீரலினுள் அமுக்கம் வெளியமுக்கத்தினும் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் இரச அளவே குறைகின்றது. அச்சிறு வேறுபாடே அரை லீற்றர் வளியை உள்ளிழுக்கப் போதுமானது.

இவ்வறிவு தமிழுக்குப் பிந்தி வந்ததென்று கூறுதல் பொருந்தாது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழாக்கிய 'மனுஷ சுகரணம்' 1883 இல் வெளிவந்தது. பின்னர் ஈழத்துப் பாடநூல்கள் அமுக்கம், கனவளவு, பிரிமென்றகடு என்னும் சொற்களை மாணவர் நாவிற் பழக்கின. ஆயினும் போயிலின் விதி பௌதிகக் கொப்பியிலும் பிரிமென்றகடு உயிரியற் கொப்பியிலும் தனித்தனியே கிடந்தன. புரையேறியவன் உச்சந்தலையிற் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்பதே வீட்டு வழக்கு. அத்தட்டு நெஞ்சறையின் கனவளவை அணுவளவும் மாற்றாது.

மேலைநாட்டாரும் இதிற் பெருமைகொள்ள இடமில்லை. உணவகங்களில் உண்டிருக்கும்போதே சாய்ந்து இறந்தவர்கள் மாரடைப்பால் மாண்டவர்களாகவே எண்ணப்பட்டனர். அவர்தம் தொண்டையில் இறைச்சித் துண்டு இருந்தமையை அமெரிக்க மரணவிசாரணை மருத்துவர் ஹோகன் 1963 இல் எடுத்துக்காட்டினார். விதி அறியப்படாமையன்று, மரணத்தின் காரணம் காணப்படாமையே தாமதத்தின் வேர் எனலாம்.

அமைதியாக மூச்சுவிட்ட பின்னும் நுரையீரலில் இரண்டு லீற்றருக்கு மேற்பட்ட வளி எஞ்சியிருக்கும். அடைப்புற்றவன் உள்ளிழுக்க முடியாவிடினும், இவ்வளி அவனிடம் உண்டு. சின்சினாற்றி நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹென்றி ஹைம்லிக் இதனையே பற்றுக்கோடாகக் கொண்டார். கொப்பூழுக்குச் சற்று மேலே முட்டியை வைத்து உள்நோக்கியும் மேனோக்கியும் சடுதியாக அமுக்கினால், பிரிமென்றகடு உயர்ந்து, கனவளவு குறைந்து, அமுக்கம் ஏறி, போத்தல் அடைப்பான் தெறிப்பதுபோலத் துண்டு வெளியேறும். நாய்களிற் சோதித்த பின் 1974 யூனில் இதனை வெளியிட்டார்; சில நாட்களிலேயே அதனாற் காக்கப்பட்டோர் செய்தி வந்தது.

முதுகில் அறைதல் கேடென அவர் வாதிட்டமை மட்டும் மிகையாயிற்று. 1980களில் அமெரிக்க நெறிகள் அவர்பக்கம் சாய்ந்தன. 2025 இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் நெறி, முதலில் முதுகில் ஐந்து அறையும் பின்னர் வயிற்றில் ஐந்து அமுக்கமும் மாறிமாறிச் செய்யுமாறு கூறியது. கருவுற்ற பெண்ணுக்கு வயிற்றைத் தவிர்த்து மார்பெலும்பின்மேல் அமுக்குவர். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் வயிற்றமுக்கம் ஆகாது, ஈரல் சிதையக்கூடும். தலை தாழ முன்னங்கையிற் கிடத்தி, முதுகில் ஐந்து தட்டும் மார்பில் ஐந்து அமுக்கமும் கொடுப்பர்.