கிலோவும் கீழும்

கார்த்திகை தீபத்துக்கு மலையேறும் நெய்யைத் திருவண்ணாமலையில் இன்று கிலோக் கணக்கில்தான் சொல்கிறோம். கிலோ எடையின் பெயரன்று. ஆயிரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்வழி வந்த முன்னொட்டு. 1795-ல் பிரெஞ்சுக்காரர்கள் பெருக்கத்துக்குக் கிரேக்கத்தையும் (டெகா, ஹெக்டோ, கிலோ), குறுக்கத்துக்கு இலத்தீனையும் (டெசி, சென்டி, மில்லி) எடுத்துக்கொண்டனர். நாம் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அவற்றைப் பெற்று, அலகை உதிர்த்துவிட்டு முன்னொட்டை வைத்துக்கொண்டோம். சந்தையில் கிலோ என்றால் கிலோகிராம். மருந்துக்கடையில் மில்லி என்றால் மில்லிலிட்டர். ஹெக்டோவுக்குப் பட்டாவில் இடம் கிடைத்தது: நூறு ஏர் ஒரு ஹெக்டேர். (இந்த ஏருக்கும் உழவர் ஏருக்கும் உறவில்லை.)

முன்னொட்டு நமக்குப் புதிதன்று. தமிழ்க் கீழ்வாய் இலக்கத்தில் மா என்பது இருபதில் ஒன்று. மாவில் கால், காணி. காணியில் கால், முந்திரி. ஆக முந்திரி 320-ல் ஒன்று. அதற்கும் கீழே இறங்க, 'கீழ்' என்பதை முன்னே இட்டனர். கீழ்முந்திரி, முந்திரியில் 320-ல் ஒன்று. அதாவது 1,02,400-ல் ஒன்று. கீழ்க்கால், கீழரை எதற்கும் அதே விதிதான். நிலமானாலும் பொன்னானாலும் வாய்பாடு மாறாது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக் கணக்கு, வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை இறங்குகிறது. 320-ஐ நான்கு முறை பெருக்கி, வந்ததை ஐந்தால் பெருக்கினால் இந்த எண் கிடைக்கும். பிற்கால வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். அதன்படி பார்த்தால் இப்பங்கு ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீட்டர்! வயலில் எவரும் இதை அளந்திருக்க முடியாது. பெருக்கலிலும் கழித்தலிலும் மிஞ்சியதைக் கணக்கர் விட மனமின்றி எழுதிவைத்தார் என்றே கருதுகிறோம்.

மெட்ரிக் முறை முன்னொட்டின்மேல் முன்னொட்டை ஏற்பதில்லை. மில்லிமைக்ரான் வழக்கொழிந்து நானோமீட்டர் ஆனது. இன்னும் நுண்ணியதற்குப் புதுப்பெயர்தான் வேண்டும். 2022-ல் ரொன்டோவும் குவெக்டோவும் வந்தன. நம்மவர்க்குக் கீழுக்கு ஒரு கீழ் போதுமாயிருந்தது. எழுத்திலும் அங்கே கவனம் தேவை: பெரிய 'எம்' மெகா, சிறிய 'எம்' மில்லி, இடையே நூறு கோடி மடங்கு.

ஊருக்கு ஊர் மரக்கால் மாறிய நாட்டுக்குத் தசமம் நன்மையே செய்தது. ஆனால் எண்சுவடியும் அதோடு போயிற்று. அண்ணாமலையார் கோயில் கல்வெட்டுகளைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990-ல் தொகுத்து வெளியிட்டது. கல்வெட்டு படிக்க வரும் இன்றைய இளைஞருக்கோ முந்திரி என்றால் பருப்புத்தான்.